சந்தா மென்பொருள்: 1999-ல் பிறந்ததா, பழைய வழக்கம் திரும்பியதா?

அல்சூர் ஆடிட்டர்
பெங்களூரில் எந்த ஸ்டார்ட்அப் கூட்டத்துக்குப் போனாலும் ஒரே கதைதான்: 1999-ல் வாடிக்கையாளர் விவரங்களை நிர்வகிக்கும் மென்பொருள் தரும் சேல்ஸ்ஃபோர்ஸ் என்ற அமெரிக்க நிறுவனம் வந்தது, நிறுவனங்கள் மென்பொருளைச் சந்தா கட்டிப் பயன்படுத்தும் வழக்கம் பிறந்தது. எனக்கு இதில் உடன்பாடு இல்லை.

ஏடிபி என்ற அமெரிக்க நிறுவனம் 1949-லேயே பிற நிறுவனங்களின் சம்பளக் கணக்கைக் கட்டணம் வாங்கிப் போட்டுக்கொடுத்தது. பின்னாளில் அதே வேலை கணினிக்கு மாறியது. 1961-ல் கணினி விஞ்ஞானி ஜான் மெக்கார்த்தி அமெரிக்காவின் எம்ஐடி பல்கலைக்கழகத்தில் பேசும்போது, தொலைபேசி போலக் கணினித் திறனும் ஒரு நாள் பொதுச் சேவையாகலாம் என்றார். ஐபிஎம் ரொம்ப காலம் இயந்திரங்களை வாடகைக்குத்தான் விட்டது. மென்பொருள் அந்த வாடகைக்குள்ளேயே அடங்கும். அதற்குத் தனி விலை வைக்கப்போவதாக அவர்கள் அறிவித்ததே 1969-ல்தான். ஆக, மென்பொருளைக் காசு கொடுத்து வாங்கி "இது என்னுடையது" என்று வைத்துக்கொண்டது நடுவில் வந்த பழக்கம். அதற்கு முன்பும் வாடகை, இப்போதும் வாடகை.

எச்எஸ்ஆர் நிரலர்
ஆடிட்டர் சார், வாடகை என்ற ஒரே ஒற்றுமையை வைத்து எல்லாவற்றையும் ஒரே கணக்கில் எழுதிவிட்டீர்கள். ஏடிபி செய்தது சேவை. தாளைக் கொடுத்தால் சம்பளப் பட்டியல் வரும், அவ்வளவுதான்.

நிஜமான ஒப்பீடு வேண்டுமென்றால் தொண்ணூறுகளின் கடைசியில் வந்த, ஏஎஸ்பி எனப்பட்ட மென்பொருள் வாடகை நிறுவனங்களைப் பாருங்கள். யுஎஸ்ஐ, கோரியோ போன்றவை பீப்பிள்சாஃப்ட், சீபெல் மாதிரியான பெரிய மென்பொருள்களை வாங்கி, ஒவ்வொரு வாடிக்கையாளருக்கும் தனித்தனியாக நிறுவி, இணையம் வழியாக வாடகைக்கு விட்டன. நூறு வாடிக்கையாளர் வந்தால் நூறு நிறுவல், நூறு பராமரிப்பு. கட்டுப்படியாகுமா? யுஎஸ்ஐ 2002 ஜனவரியில் திவால் மனு போட்டது.

சேல்ஸ்ஃபோர்ஸ் கட்டியது ஒண்டுக்குடித்தனம். நிரல் ஒன்றுதான். எல்லா நிறுவனங்களின் தரவும் பொதுவான அட்டவணைகளில் இருக்கும், எந்த வரிசை யாருடையது என்பதை ஓர் அடையாள எண் சொல்லும். புதிய பதிப்பை ஒரே இரவில் எல்லோருக்கும் மாற்றிவிடலாம். பத்துப் பேர் வேலை செய்யும் கடைக்கும் பெரிய வங்கிக்கும் ஒரே மென்பொருளை விற்று லாபம் பார்க்க முடிந்தது இதனால்தான். மெக்கார்த்தி பேசினார், சரி. இதைக் கட்டியது யார்?

அல்சூர் ஆடிட்டர்
கட்டியது யார் என்று கேட்டால் 1998-ஐப் பாருங்கள், தம்பி. ஈவன் கோல்ட்பர்க், ஆரக்கிள் என்ற தரவுத்தள நிறுவனத்தின் லாரி எலிசனின் பணத்தில் நெட்லெட்ஜரைத் தொடங்கினார். உலாவியில் ஓடும் கணக்கு மென்பொருள். அதுதான் பின்னர் நெட்சூட் ஆனது, 2016-ல் ஆரக்கிள் 930 கோடி டாலருக்கு வாங்கியது. சேல்ஸ்ஃபோர்ஸைத் தொடங்கிய மார்க் பெனியாஃபும் ஆரக்கிள்காரர், அவருக்கும் எலிசன் பணம் போட்டார். அப்புறம் ஏன் ஒருவர் பெயர் மட்டும் நிற்கிறது? 2000-ல் போட்டியாளரான சீபெல் நிறுவனத்தின் மாநாட்டு வாசலில் கூலிக்கு நடிகர்களை நிறுத்தி, "மென்பொருள் ஒழிக" என்று பொய்ப் போராட்டம் நடத்தினாரே, அதனால்தான். விளம்பரத்தில் ஜெயித்தவரை வரலாற்றில் முதலில் செய்தவர் என்று எழுதக்கூடாது.

ராஜாஜிநகர் தையல்
முதலில் செய்தது யார் என்பது எனக்கு முக்கியமில்லை. ஏற்றுமதிக்குத் துணி தைக்கும் சின்ன யூனிட் நடத்துகிறேன். எங்கள் ஊரில் இந்தக் கதையே வேறு.

டேலி கணக்கு மென்பொருள் பிறந்ததே இங்கேதான், 1986-ல், பியூட்ரானிக்ஸ் என்ற பெயரில். அமெரிக்கா உலாவிக்கு மாறிய பிறகும் நாங்கள் மேசைக் கணினியில்தான் கணக்கு எழுதினோம். காரணம் பழமைவாதம் இல்லை. கரன்ட் போனால் யுபிஎஸ் தாங்கும், நெட் போனால் எது தாங்கும்? 2016-ல் ஜியோ வந்து டேட்டா மலிவானது. 2017 ஜூலையில் ஜிஎஸ்டி வந்து எல்லோரையும் அரசு போர்ட்டலுக்கு இழுத்தது. இப்போது வருட விற்றுமுதல் 5 கோடியைத் தாண்டினாலே மற்ற நிறுவனங்களுக்குப் போடும் பில்லுக்கு, அரசு போர்ட்டலில் பதிவாகும் இ-இன்வாய்ஸ் வேண்டும். இணையம் இல்லாமல் அந்த பில் போட முடியாது. என்னைக் கிளவுடுக்கு, அதாவது இணையத்தில் ஓடும் மென்பொருளுக்கு, தள்ளியது சேல்ஸ்ஃபோர்ஸ் இல்லை, அரசாங்கம்.

சந்தா என்றால் நிம்மதி என்றார்கள். 2021 அக்டோபரில் ரிசர்வ் வங்கி விதி மாறியதும் கார்டில் தானாகப் போய்க்கொண்டிருந்த பணம் நின்றது. 5,000 ரூபாய்க்கு மேல் என்றால் ஒவ்வொரு முறையும் ஓடிபி. அடுத்த வருடம் வரம்பை 15,000 ஆக்கினார்கள். அதற்குள் என் கணக்கே முடங்கிவிட்டது. இன்னொரு மென்பொருளில், பெயர் வேண்டாம், புதுப்பிக்கும் நேரத்தில் விலையைக் கூட்டினார்கள். வெளியேறுகிறேன் என்றால் தரவை பிடிஎஃப் ஆகத் தருகிறார்கள். அதை வைத்து நான் என்ன செய்ய?

எலக்ட்ரானிக் சிட்டி சென்னைக்காரன்
அக்கா சொல்வது வாங்குபவர் பக்கம். விற்பவர் பக்கத்தையும் பார்க்க வேண்டும். அட்வென்ட்நெட் 1996-ல் தொடங்கியபோது நெட்வொர்க் நிர்வாக மென்பொருள் விற்றது. 2005-ல் ஜோஹோ என்ற பெயரில் உலாவி மென்பொருள்களை இறக்கியது, 2009-ல் நிறுவனமே அந்தப் பெயருக்கு மாறியது. வாடிக்கையாளர் உதவிக்கான மென்பொருள் தரும் ஃப்ரெஷ்டெஸ்க் 2010-ல் சென்னையில் தொடங்கி, 2021-ல் ஃப்ரெஷ்வொர்க்ஸாக அமெரிக்கப் பங்குச் சந்தையான நாஸ்டாக்கில் ஏறியது. மென்பொருளைப் பெட்டியில் போட்டு விற்கும் காலமாக இருந்தால் இது நடந்திருக்காது. கோட்டு போட்ட விற்பனை ஆட்களை அமெரிக்காவில் வைக்கத் தேவையில்லை; ஓஹையோவில் இருக்கும் ஒரு பல் டாக்டர் தானாகத் தேடி வந்து, இலவசமாகச் சோதித்துப் பார்த்து, கார்டைத் தட்டி வாங்குகிறார். என்னைக் கேட்டால் பெரிய மாற்றம் இதுதான். யார் விற்கலாம் என்பதே மாறிப்போனது.

எச்எஸ்ஆர் நிரலர்
அதற்கு அமேசானுக்கும் நன்றி சொல்லுங்கள். 2006 மார்ச்சில் தரவைச் சேமிக்க எஸ்3, ஆகஸ்டில் சர்வரை வாடகைக்கு எடுக்க இசி2. அதற்கு முன்பு பெரும்பாலோர் சர்வரைச் சொந்தமாக வாங்கியோ மாதக்கணக்கில் எடுத்தோதான் ஓட்டினார்கள். அதன் பிறகு கோரமங்கலாவில் மூன்று பேர் மணிக்கணக்கில் சர்வர் எடுத்து கம்பெனி தொடங்க முடிந்தது.

அல்சூர் ஆடிட்டர்
> கட்டியது யார்?

இதற்கு இன்னொரு பதிலும் இருக்கிறது. 2013-ல் அடோபி, தன் கிரியேட்டிவ் மென்பொருள்களின் புதிய பதிப்புகளை இனிச் சந்தாவுக்கு மட்டுமே தருவோம் என்றது. ஆனால் ஃபோட்டோஷாப் அன்றும் உங்கள் கணினியில்தான் ஓடியது! ஒண்டுக்குடித்தனமும் இல்லை, உலாவியும் இல்லை. கிளவுட் வேறு, சந்தா வேறு. முன்னது தொழில்நுட்பம், பின்னது வசூல் முறை. நீங்கள் முன்னதின் பெருமையைப் பின்னதற்குக் கொடுக்கிறீர்கள்.

வசூல் முறையை முதலீட்டாளர்கள் ஏன் விரும்புகிறார்கள் என்பது ஆடிட்டருக்குத் தெரியும். வருடச் சந்தாவை முன்கூட்டியே வாங்கினால் கையில் காசு வந்துவிடும், ஏட்டில் அது இன்னும் வருமானம் ஆகாது. மாதாமாதம் கொஞ்சம் கொஞ்சமாகத்தான் வருமானத்துக்கு மாறும். அடுத்த காலாண்டில் எவ்வளவு வரும் என்று இப்போதே சொல்லிவிடலாம். பெட்டி விற்றவர்களுக்கு அந்தச் சுகம் கிடைக்கவில்லை.

எச்எஸ்ஆர் நிரலர்
அடோபி உதாரணத்தை ஒத்துக்கொள்கிறேன். ஆனால் தையல் அக்கா கொண்டாடும் டேலியும் அப்படித்தானே? லைசென்ஸை ஒருமுறை வாங்கினாலும், புதிய பதிப்பு வேண்டுமென்றால் வருடா வருடம் டிஎஸ்எஸ் என்ற சந்தாவைப் புதுப்பிக்க வேண்டும். சொந்தம் என்ற பேச்சே பாதிக் கதை.

ராஜாஜிநகர் தையல்
பாதியாவது சொந்தம். டிஎஸ்எஸ் கட்டாவிட்டாலும் பழைய பதிப்பு திறக்கும், என் கணக்கைப் பார்க்கலாம். 2025 ஜூலையில் நயாரா எனர்ஜிக்கு நடந்ததை மறந்தீர்களா? ஐரோப்பிய ஒன்றியத்தின் பொருளாதாரத் தடை வந்ததும் மைக்ரோசாஃப்ட் மின்னஞ்சல் உட்பட சேவைகளை நிறுத்தியது. அவர்கள் டெல்லி உயர் நீதிமன்றம் போன பிறகுதான் திரும்ப வந்தது. அவ்வளவு பெரிய எண்ணெய் நிறுவனத்துக்கே அந்தக் கதி.

எச்எஸ்ஆர் நிரலர்
உங்கள் மேசைக் கணினியின் ஹார்ட் டிஸ்க் செத்தால் எந்த நீதிமன்றம் போவீர்கள்? மின்னணுக் கணக்குகளுக்குத் தினமும் இந்தியாவில் உள்ள சர்வரில் காப்புப்பிரதி வைக்க வேண்டும் என்று 2022-லிருந்து விதி இருக்கிறது. 2023 ஏப்ரலிலிருந்து, யார் எதைத் திருத்தினார்கள் என்ற பதிவும் கட்டாயம்.

அல்சூர் ஆடிட்டர்
அந்த இரண்டும் கம்பெனிச் சட்டத்தின் கீழ் வருபவை. அம்மாவின் யூனிட் பார்ட்னர்ஷிப் என்றால் பொருந்தாது. பயமுறுத்தி விற்பதும் இந்தத் துறையின் பழைய வழக்கம்தான்.

அம்மா, எதை வாங்கினாலும் பணம் கட்டும் முன்பு சோதனைக் கணக்கில் ஒரு மாத வவுச்சர்களைப் போட்டு, லெட்ஜர் பெயர், தேதி, ஜிஎஸ்டி எண் எல்லாம் தனித்தனிப் பத்தியாக எக்செல்லில் வெளியே வருகிறதா என்று பாருங்கள். வராவிட்டால் வேண்டாம். விலை உயர்வுக்கு வரம்பு உண்டா என்பதையும் எழுத்தில் வாங்குங்கள்.

எச்எஸ்ஆர் நிரலர்
இந்த ஆலோசனையில் எனக்கும் சண்டை இல்லை. ஏபிஐ, அதாவது வேறு மென்பொருள் தானாகத் தரவை எடுக்கும் வழி, இருக்கிறதா என்றும் கேளுங்கள் அக்கா. ஆனால் தொடக்கம் 1999தான். ஏடிபியில் போய் நீங்களே லாகின் செய்து உங்கள் ஊழியர் சம்பளத்தை மாற்ற முடிந்த வருடத்தை ஆடிட்டர் சார் காட்டட்டும், அப்புறம் பேசலாம்.