கடவுச்சொல் காலாவதி: இரண்டு அவகாசங்களுக்கு இரண்டு பெயர்கள் வேண்டும்

> கலைச்சொல் பட்டியலில், சேவைக் கணக்குகள் (மனிதரல்லாமல் செயலிகள் தரவுத்தளத்தில் நுழையும் கணக்குகள்) பற்றிய பகுதியில் ‘கிரேஸ் டைம்’, ‘ரோல்ஓவர் டைம்’ இரண்டுக்கும் ‘சலுகைக் காலம்’ என்றே இடலாமா? இரண்டிலும் நிர்வாகிக்குக் கிடைப்பது அவகாசம்தானே?

வேண்டாம் என்பேன். அவகாசம் என்பது சரி, ஆனால் அந்த நாட்களில் எந்தக் கடவுச்சொல் செல்லும் என்பதில் இரண்டும் வேறு.

ஆரக்கிள் தரவுத்தளத்தில் 11ஜி பதிப்பு முதல் டிஃபால்ட் புரொஃபைலில் (தனி விதி தராத கணக்குகளுக்கு இயல்பாகப் பொருந்தும் அமைப்பில்) கடவுச்சொல்லின் ஆயுள் 180 நாள், கிரேஸ் 7 நாள். ஆயுள் முடிந்தபின் நடக்கும் முதல் லாகினில்தான் அந்த 7 நாள் தொடங்கும். அப்போது செல்வது பழைய கடவுச்சொல் ஒன்றே. கூடவே, கடவுச்சொல் விரைவில் காலாவதியாகும் என்ற ஓஆர்ஏ-28002 எச்சரிக்கை வரும். மனிதர் அதைப் பார்த்து மாற்றிக்கொள்வார். கனெக்‌ஷன் பூல் (செயலி திறந்து வைத்துப் பகிர்ந்து பயன்படுத்தும் தரவுத்தள இணைப்புகளின் தொகுப்பு) பெரும்பாலும் கண்டுகொள்ளாது. 7 நாள் கழிந்ததும் ‘கடவுச்சொல் காலாவதி’ என்ற 28001 பிழை வரும், புது இணைப்பு கிடைக்காது. திறந்திருக்கும் இணைப்புகள் அறுபடாததால், சிக்கல் ரீஸ்டார்ட்டின்போதோ பூல் விரியும்போதோதான் தெரியவரும். இதில் சலுகை எங்கே இருக்கிறது? ‘எச்சரிக்கைக் காலம்’ என்பதே பொருந்தும்.

ரோல்ஓவர் அப்படியல்ல. ஆரக்கிள் 21சி-யில் வந்து 19.12-லும் சேர்க்கப்பட்ட இந்த வசதியில், கடவுச்சொல்லை மாற்றிய பிறகும் குறித்த காலம்வரை பழையது, புதியது இரண்டும் செல்லும். குறைந்தது 1 மணி நேரம் வைக்கலாம்.

இரண்டுக்கும் ஒரே பெயர் இருந்தால் நடக்கக்கூடியது இது. ‘சலுகைக் காலம் 7 நாள்’ என்று படித்தவர், பழையது இன்னும் 7 நாள் ஓடும் என்று நம்பி செயலிகளை அப்படியே விட்டுவிட்டு முதல் நாளே மாற்றிவிடுவார். ஜாவா செயலிகள் பயன்படுத்தும் ஹிகாரி பூலில் ஓர் இணைப்பின் அதிகபட்ச ஆயுள், இயல்பாக, 30 நிமிடம். அதற்குள் பழைய இணைப்புகள் ஒவ்வொன்றாக ஓய்வுபெறும். புதியவை பழைய கடவுச்சொல்லோடு மோதும். டிஃபால்ட் புரொஃபைல்படி 10 தோல்வியில் கணக்கு பூட்டப்படும். பிறகு சரியான கடவுச்சொல் வைத்திருக்கும் செயலிக்கும் ‘கணக்கு பூட்டப்பட்டது’ என்ற 28000 பிழைதான் கிடைக்கும்.

> அப்படியென்றால் ரோல்ஓவருக்குக் ‘கைமாற்றுக் காலம்’?

கைமாற்று என்றதும் திருப்பித் தர வேண்டிய சிறு கடன்தான் நினைவுக்கு வரும். ‘இணைச் செல்லுபடி’ என் பரிந்துரை. ‘காலம்’ என்பதை அடிச்சொல்லில் சேர்க்காததற்குக் காரணம் உண்டு: மைஎஸ்கியூஎல் 8.0.14-ல் வந்த இரட்டைக் கடவுச்சொல் வசதிக்குக் காலவரம்பு கிடையாது. பழையதை நீக்கும் கட்டளையை நாமே தரும்வரை அது செல்லும். ஆரக்கிளுக்கு மட்டும் ‘இணைச் செல்லுபடிக் காலம்’ என்று நீட்டிக்கொள்ளலாம்.

போஸ்ட்கிரெஸில் இப்படி ஒரு வசதியே இல்லை. அங்கே ஒரே உரிமைகளுடன் இரண்டு கணக்குகளை வைத்து மாறிமாறிப் பயன்படுத்துவார்கள். அதற்கு இந்தச் சொல்லை இட வேண்டாம். ‘இணைக் கணக்கு முறை’ போதும்.

> சரி, எவ்வளவு காலம் வைப்பது என்று விளக்கத்தில் எழுதலாமா?

கட்டாயம் எழுத வேண்டும். அந்தக் கணக்கைப் பயன்படுத்துபவற்றில் மிக அரிதாக ஓடுவது எதுவோ, அதன் இடைவெளியைவிட நீளமாக இருக்க வேண்டும். வலைச்செயலியை மட்டும் பார்த்து 1 நாள் வைத்தால் மாத இறுதி அறிக்கை விழும். ஒரு தரவுத்தளத்திலிருந்து இன்னொன்றுக்கு இணைக்கும் டேட்டாபேஸ் லிங்க் தன் கடவுச்சொல்லைத் தனியே சேமித்திருப்பதால் அடிக்கடி விட்டுப்போகும். அதையும் பட்டியலில் சேர்க்க வேண்டும். காலத்தை அவ்வளவு நீட்ட முடியாத இடத்தில், அரிதாக ஓடும் வேலைகளின் அமைப்புக் கோப்புகளை முதலில் மாற்றி, ஒவ்வொன்றையும் கையால் ஒருமுறை ஓட்டிப் பார்க்கலாம். பழைய கடவுச்சொல்லால் யாரும் நுழையவில்லை என்பதைத் தணிக்கைப் பதிவில் உறுதிசெய்த பிறகே இணைச் செல்லுபடியை முடிக்க வேண்டும்.