ஊரடங்கில் வந்த அந்த 2000 ரூபாய் உங்கள் வீட்டுக்குக் கிடைத்ததா?

திண்டிவனம் பக்கம்:
2020 மார்ச் கடைசியில் எங்கள் தர்பூசணி வெட்டுக்குத் தயாராக இருந்தது. ஊரடங்கு வந்ததும் விலை பேசிவிட்டுப் போன வியாபாரி போனையே எடுக்கவில்லை. காய் கொடியிலேயே வெடித்தது. கடைசியில் மாடுகளை உள்ளே விட்டோம். மார்ச் 26 அன்று நிதியமைச்சர் நிர்மலா சீதாராமன் 8.7 கோடி விவசாயிகளுக்கு ஏப்ரல் முதல் வாரத்திலேயே 2000 ரூபாய் என்று அறிவித்தார். அது கூடுதல் பணம் இல்லை, விவசாயிகளுக்கான மத்திய அரசின் பி.எம். கிசான் திட்டத்தில் வருஷத்துக்கு வரும் 6000 ரூபாயில் ஒரு தவணையைத்தான் முன்னாடியே தந்தார்கள் என்பது எனக்கு அப்புறம்தான் புரிந்தது. அந்த நேரத்தில் அதுவே பெரிசு.

ஆனால் எங்களுக்கு வரவில்லை. அப்பா குத்தகைக்காரர். திட்டத்தில் பட்டா யார் பெயரில் இருக்கிறதோ அவர்தான் விவசாயி. நிலத்துக்காரர் சென்னையில் சின்னதாக மளிகைக்கடை வைத்திருக்கிறார், பணம் அவர் கணக்கில் விழுந்தது. அவரே போன் செய்து, "இது உங்க பணம்ணே, குத்தகையில கழிச்சுக்குங்க" என்றார். அப்பா பதில் சொல்லாமல் போனை என்னிடம் கொடுத்துவிட்டு வெளியே போய்விட்டார். இப்படி ஒரு நிலத்துக்காரர் எத்தனை பேருக்கு வாய்ப்பார்? விதைக்கும் உரத்துக்கும் கடன் வாங்கியவனை அரசாங்கக் கணக்கு விவசாயியாகவே பார்க்கவில்லை என்பது இன்றும் எனக்கு வலிக்கிறது.

அரியலூரிலிருந்து:
எங்களுடையது சொந்த நிலம்தான், ஆனால் பட்டா இறந்துபோன தாத்தா பெயரில் இருக்கிறது. அதனால் ஒரு தவணைகூட வரவில்லை. ரேஷன் கார்டுக்கு மாநில அரசு கொடுத்த 1000 ரூபாயும் அரிசியும்தான் அந்த மாதம் கைகொடுத்தது.

கடலூர் மாவட்டம்:
என் அனுபவம் வேறு மாதிரி. அம்மா நூறு நாள் வேலைக்குப் போகிறவர், எங்களுக்கு ஒரு சென்ட் நிலம்கூடக் கிடையாது. ஊரடங்கில் அந்த வேலையும் நின்றிருந்தது. அப்போது ஒருவர் தெருவுக்கே வந்து, "கொரோனா பணம் வருதும்மா" என்று ஆதார், பாஸ்புக் ஜெராக்ஸ் வாங்கிக்கொண்டு போனார். 2000 ரூபாய் வந்தது. அதில் 500 அவருக்கு.

ஆகஸ்டில் விஷயம் வெளியே வந்தது. பி.எம். கிசானில் தமிழ்நாடு முழுக்க 5 லட்சத்துக்கும் மேற்பட்ட தகுதியில்லாதவர்களுக்குச் சுமார் 110 கோடி ரூபாய் போயிருக்கிறது என்றார்கள், சிபிசிஐடி விசாரணை நடந்தது. அம்மாவிடமும் திருப்பிக் கேட்டு வந்தார்கள். கைக்கு வந்தது 1500, கட்டச் சொன்னது 2000. தோட்டை அடகு வைத்துக் கட்டினார். அந்த ரசீதை ரேஷன் கார்டு கவரிலேயே மடித்து வைத்திருக்கிறார், யாராவது மறுபடி வந்து கேட்டால் காட்டலாம் என்று. தான் விவசாயியாகப் பதிவாகியிருந்ததே அவருக்கு அன்றுதான் தெரியும்.

திண்டிவனம் பக்கம்:
அம்மா கட்டிய ரசீதை ஒரு ஜெராக்ஸ் எடுத்து வையுங்கள், அந்த மை சீக்கிரம் மங்கிவிடும். அரியலூர் நண்பரே, வாரிசுச் சான்றிதழ் வாங்கிப் பட்டாவை மாற்றுங்கள். 2019 பிப்ரவரி 1-க்குப் பிறகு பெயர் மாறிய நிலத்துக்குப் பணம் கிடையாது என்றாலும், இறந்தவரிடமிருந்து வாரிசுக்கு வந்த நிலத்துக்கு விலக்கு உண்டு. வி.ஏ.ஓ.விடம் போகும்போது சிட்டா நகலைக் கையோடு கொண்டுபோங்கள்.