பனி பெய்யாத ஊரில் பனி பெய்த நாள்: உங்கள் கேம்பஸ் அனுபவங்கள்

பேட்டன் ரூஜ், 2025

தலைப்பைப் பார்த்ததும் கை துறுதுறுத்தது, நானே தொடங்கி வைக்கிறேன். லூசியானா ஸ்டேட் யூனிவர்சிட்டியில் பி.எச்டி. சொந்த ஊர் திருநெல்வேலிப் பக்கம். பனி என்றால் மார்கழியில் கோலம் போடும்போது அம்மா தலையில் சுற்றிக்கொள்ளும் துண்டுதான் எனக்கு ஞாபகம் வரும். லூசியானாவுக்குச் சீட் கிடைத்தபோது "நல்லவேளை, குளிர் இல்லாத ஊர்" என்று வீட்டில் எல்லோருக்கும் நிம்மதி. ஜனவரி 21, செவ்வாய்க்கிழமை வரை அது உண்மையாகத்தான் இருந்தது.

இந்த ஊர்க்காரர்கள் புயலோடு வளர்ந்தவர்கள். ஹரிக்கேன் வந்தால் என்ன வாங்கி வைக்க வேண்டும், எந்த வழியாக வெளியேற வேண்டும் என்று தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வார்கள். ஒன்றரை வருடமாக எனக்கு எல்லாம் சொல்லிக் கொடுத்தவர்கள் அவர்கள்தான். இந்த முறை அவர்களுக்கே ஒன்றும் தெரியவில்லை. குழாயைச் சொட்டச் சொட்டத் திறந்து வைக்க வேண்டுமாமே, எவ்வளவு சொட்ட வேண்டும்? வெளிக்குழாயில் பழைய துண்டைச் சுற்றினால் போதுமா? என் லேப் நண்பன், மூன்று தலைமுறையாக இதே ஊரில் இருப்பவன், என்னிடம் கேட்கிறான்! நான் யாரிடம் கேட்பது?

அவன் பயந்ததிலும் நியாயம் இருக்கிறது. இங்கே பழைய வீடுகள் தரையிலிருந்து தூக்கிக் கட்டியவை. அடியில் காற்று ஓடும், தண்ணீர்க் குழாயும் அங்கேதான் ஓடும். வெள்ளத்துக்கும் வெயிலுக்கும் அருமையான ஏற்பாடு, உறையும் குளிருக்குச் சுத்தமாக ஆகாது. மாநிலத்தின் தென்மேற்கே இருக்கும் லேக் சார்ல்ஸ் வானிலை அலுவலகம் வரலாற்றிலேயே முதல் முறையாகப் பிளிசார்ட், அதாவது பலத்த காற்றோடு அடிக்கும் பனிப்புயல், எச்சரிக்கை விட்டிருந்தது. பல்கலைக்கழகத்துக்கு லீவு. கடையில் ரொட்டியும் பாலும் முன்பே காலி. எனக்குக் கவலை இல்லை, வீட்டில் அரிசி இருந்தது.

காலையில் ஜன்னலைத் திறந்தால் சத்தமே இல்லை. அதைத்தான் முதலில் கவனித்தேன், வெள்ளையை அப்புறம்தான். வீடியோ காலில் அம்மாவுக்குக் காட்டினேன். அங்கே இரவுச் சாப்பாட்டு நேரம். ஒரு நிமிடம் பார்த்துவிட்டு, "ஏல, தலையில துண்டக் கட்டுல" என்றார். கட்டினேன்.

கேம்பஸில் இருக்கும் ஓக் மரங்கள் குளிர்காலத்திலும் இலை உதிர்க்காதவை. பச்சை இலை மேல் வெள்ளை குவிந்து, கிளைகள் தரையைத் தொடுகிற மாதிரி தொங்கின. மார்டி க்ரா என்ற இந்த ஊர்த் திருவிழா சீசன் தொடங்கியிருந்ததால் யாரோ செய்த பனிமனிதனின் கழுத்தில் ஊதா, பச்சை, தங்க நிற மணிமாலைகள். ஆனால் அவனைச் செய்ய அவர்கள் பட்ட பாடு! ஸ்னோ ஒட்டவே இல்லை. குளிர் அதிகமாக இருந்தால் அதில் ஈரம் இருக்காது, கையில் அள்ளினால் வறுத்த மாவு மாதிரி உதிரும். புட்டுக்கு மாவு பிசைவோமே, பிடித்தால் பிடிபட வேண்டும், உதிர்த்தால் உதிர வேண்டும், அந்தப் பதம் வரவில்லை. வாட்டர் பாட்டிலிலிருந்து கொஞ்சம் தண்ணீர் தெளித்துப் பிசறிக் காட்டினேன். பிடிபட்டது. சுற்றி நின்ற உள்ளூர்ப் பிள்ளைகள் என்னை ஏதோ அலாஸ்காக்காரன் மாதிரி பார்த்தார்கள். நான் திருத்தவில்லை.

அப்புறம் லெவி. மிசிசிப்பி ஆற்றுக்குக் கட்டிய கரை அது. கேம்பஸை ஒட்டியே ஓடுகிறது. தட்டையான இந்த ஊரில் சரிவு என்று சொல்ல அதை விட்டால் வேறு அதிகம் கிடையாது. ஊரில் எந்தக் கடையில் பனியில் சறுக்கும் ஸ்லெட் வண்டி விற்பார்கள்? அட்டைப்பெட்டி, துணிக்கூடை, காற்றடைத்த மெத்தை, பீட்சா டப்பா என்று கிடைத்ததைத் தூக்கி வந்திருந்தார்கள். அட்டை இரண்டே சறுக்கலில் நைந்துவிடும். நான் கொண்டு போனது சோனா மசூரி வந்த 20 பவுண்ட் சாக்கு. பின்னல் பிளாஸ்டிக், நன்றாக வழுக்கும். உள்ளே ஒரு தலையணையைத் திணித்து உட்கார்ந்தேன். கீழே போய்ச் சேர்ந்தபோது ஒரு ஷூ மேலேயே இருந்தது. மதியத்துக்குள் சாக்குக்கு முன்னால் வரிசை நின்றது.

வகுப்பில் வடக்கே பனி கொட்டும் மினசோட்டாவிலிருந்து வந்தவர் ஒரே ஒருவர் உண்டு. அவர் மட்டும் வெளியே வரவில்லை. "ஸ்னோவைப் பார்த்துப் பயமில்லை, இந்த ஊர்க்காரர்கள் அதில் கார் ஓட்டுவதைப் பார்த்தால்தான் பயம்" என்று மெசேஜ் போட்டார். சாலையைச் சுத்தம் செய்யப் போதுமான வண்டி இல்லை, பாலங்கள் மேலும் கீழும் குளிர்ந்து முதலில் உறையும், லூசியானாவில் பாலங்களுக்கா பஞ்சம்? இண்டர்ஸ்டேட் 10 நெடுஞ்சாலையை நீளத்துக்கு மூடிவிட்டார்கள். நியூ ஆர்லியன்ஸ் விமான நிலையத்தில் 8 அங்குலம். 1963-இல் பதிவான பழைய சாதனை 2.7 அங்குலம்தான்.

சாயங்காலம் ஸ்டேடியம் பக்கம் புலியைப் பார்க்கப் போனோம். எங்கள் யூனிவர்சிட்டியின் மஸ்காட், அதாவது அடையாளச் சின்னம், மைக் என்ற நிஜப் புலி. பாதி சைபீரிய வம்சம். ஊரிலேயே ரத்தத்தில் ஸ்னோ உள்ள ஒரே உள்ளூர்வாசி!

மறுநாள் காலை மாடிப்படியில் கண்ணுக்குத் தெரியாத ஐஸில் கால் வைத்து நாலு படி உட்கார்ந்தபடியே இறங்கியது தனிக்கதை. சாக்கு இருந்திருந்தால் வலித்திருக்காது.

அட்லாண்டா, 2014

தம்பி, உங்கள் பக்கம் எட்டு அங்குலம். எங்கள் ஊரை முடக்க இரண்டு சொச்சமே போதுமாக இருந்தது. ஜனவரி 28, அதுவும் செவ்வாய்தான். நான் அப்போது ஜார்ஜியா டெக்கில் எம்.எஸ். மதியம் ஸ்னோ தொடங்கியதும் ஆபீஸ், பள்ளிக்கூடம் எல்லாம் ஒரே நேரத்தில் விட்டார்கள். மொத்த ஊரும் ஒரே நேரத்தில் சாலைக்கு வந்தது. விழுந்தது டயருக்கு அடியில் உருகி மறுபடி ஐஸாக இறுகிவிட்டது. கார்கள் நின்ற இடத்திலேயே நின்றன. ஆயிரக்கணக்கான குழந்தைகள் அன்று இரவு பள்ளியிலேயே தங்கினார்கள், கடைகளில் அலமாரிகளுக்கு நடுவே ஜனங்கள் படுத்துத் தூங்கினார்கள்.

நான் நடந்தே ரூமுக்குப் போய்விட்டேன். புறநகரில் இன்டர்ன்ஷிப் போயிருந்த என் ரூம்மேட் காரை ஹைவே ஓரம் விட்டுவிட்டு நடந்து, விடியற்காலை மூன்று மணிக்கு வந்தான். பேசவில்லை. இரண்டு தட்டு ரசம் சாதம் சாப்பிட்டுவிட்டுப் படுத்தான். காரை எங்கே விட்டோம் என்று கண்டுபிடிக்க மறுநாள் முழுக்க ஆனது.

ஆஸ்டின், 2021

சிரிக்கச் சிரிக்க எழுதியிருக்கிறீர்கள் தம்பி. எனக்கு ஸ்னோ என்றால் இன்னும் வயிறு கலங்கும்.

பிப்ரவரி 15. முந்தின இரவு நாங்களும் டெக்சாஸ் யூனிவர்சிட்டிப் பக்கம் நடந்து போய்ப் படமெல்லாம் எடுத்தோம். விடிவதற்குள் கரண்ட் போனது. டெக்சாஸின் பெரும்பகுதிக்குத் தனி மின் கட்டமைப்பு. பக்கத்து மாநிலங்களிலிருந்து அவசரத்துக்கு அதிகம் வாங்க முடியாது. மின் நிலையங்களும், அவற்றுக்கு எரிவாயு வரும் வழிகளும் உறைந்தன. எங்கள் அபார்ட்மெண்டில் மின்சார அடுப்பு, வெந்நீர்கூட வைக்க முடியவில்லை. இரண்டாம் நாள் குழாயும் நின்றது. பால்கனியிலிருந்து ஒரு பக்கெட் ஸ்னோ அள்ளி வந்தால் உருகி ஒரு சொம்புத் தண்ணீர் வரும். டாய்லெட்டில் ஒரு தடவை ஊற்ற எத்தனை பக்கெட் என்று நீங்களே கணக்குப் போடுங்கள். மூன்று பெண்கள் ஒரே மெத்தையில், இருந்த எல்லாப் போர்வைக்கும் மேலே என் பட்டுப்புடவையையும் போர்த்திக்கொண்டு கிடந்தோம். ஊரிலிருந்து வந்த முறுக்கும் பொரியும்தான் சாப்பாடு.

நாங்கள் இளவயசு, தப்பித்தோம். அரசுக் கணக்குப்படியே 246 பேர் போனார்கள், அதில் பலர் குளிரிலேயே.

சரி, அந்தச் சாக்கு என்னாச்சு?

பேட்டன் ரூஜ், 2025

அக்கா, படித்துவிட்டுக் கொஞ்ச நேரம் ஒன்றும் எழுதத் தோன்றவில்லை. எங்களுக்குக் கரண்ட் போகவில்லை, அதனால்தான் விளையாட முடிந்தது.

சாக்கு லெவியிலேயே கிழிந்துவிட்டது. மறு வாரம் லேப் நண்பன் அது எந்தக் கடையில் கிடைக்கும் என்று கேட்டான், இந்தியக் கடையின் விலாசத்தைக் கொடுத்தேன். போய் வாங்கிவிட்டான். அதற்குள் வெயில் வந்துவிட்டது, ஊரில் ஒரு பொட்டு ஸ்னோ இல்லை. இப்போது 20 பவுண்ட் அரிசியை எப்படி வடிப்பது என்று கேட்டுக்கொண்டிருக்கிறான்.