பாரில் (கடலடிப் பாறையில்) இடித்த படகு புரொப்பல்லர்: நிமிர்த்தலாமா, மாற்றலாமா?

கேள்வி: பாம்பனில் ஃபைபர் படகு வைத்திருக்கிறேன், 9.9 குதிரைத்திறன் அவுட்போர்டு (படகின் பின்னால் மாட்டும் என்ஜின்). நேற்று பாரில் இடித்து, ஒரு இறக்கையின் நுனி நகம் அளவுக்கு மடங்கிவிட்டது. அலுமினியம்தான். வேகம் கூட்டினால் கைப்பிடி வரை அதிர்கிறது. என்ன செய்யலாம் அண்ணே?

பதில்: நுனி மட்டும் என்றால் நிமிர்த்தலாம் தம்பி. ஆனால் இறக்கையின் அடியில் மயிரிழை விரிசல் இருந்தால் வெல்டிங்கை நம்பாதே, மாற்றிவிடு.

இன்னொருவர்: அதிர்வோடு ஓட்டாதீர்கள். நான் ஒரு வாரம் ஓட்டினேன். ஆயில் சீல் (எண்ணெய் கசியாமல், தண்ணீர் புகாமல் தடுக்கும் வளையம்) போய், கியர் பெட்டிக்குள் உப்புத்தண்ணீர் இறங்கி, எண்ணெய் பால் மாதிரி வெளுத்துவிட்டது. புரொப்பல்லரைவிட அதுதான் பெரிய செலவு.

கேட்டவர்: டார்ச் அடித்துப் பார்த்தேன். அடியில் ஒரு கோடு, நகம் வைத்தால் சிக்குகிறது. சரி, புதுசே வாங்குகிறேன்.

பதில்: அதே விட்டம், அதே பிட்ச் (ஒரு சுற்றுக்கு முன்னேறும் கணக்குத் தூரம்) பார்த்து வாங்கு. மாட்டுவதற்கு முன், புரொப்பல்லர் மாட்டும் தண்டைச் சுற்றிவிட்டு, வளைந்திருக்கிறதா என்றும் பார்த்துவிடு.