பணியாளரை எடைபோடும் செயற்கை நுண்ணறிவு: உங்களுக்கு நேர்ந்தது என்ன?

சாட்ஸ்வொர்த்வாசி:
நான் சொல்லப்போவது, அழைப்பு எடுக்கும் பணியாளரின் குரலை அளந்து மதிப்பெண் போடும் மென்பொருளைப் பற்றி. டர்பனில் ஓர் அழைப்பு மையம். அங்கே வேலை பார்க்கும் ஒரு பையன்மீது விசாரணை, தொழிற்சங்கப் பிரதிநிதியாகப் போயிருந்தேன். மேலாளர் திரையைத் திருப்பிக் காட்டினார். பையனின் பெயருக்கு எதிரே சிவப்பு: அழைப்பு நீளம், குரலில் உற்சாகம் இல்லை. பையன் ஒன்றே ஒன்றுதான் கேட்டான்: "ஐயா, அந்த அழைப்பை நீங்கள் கேட்டீர்களா?"

கேட்கவில்லை. வற்புறுத்தி அந்த ஒலிப்பதிவைப் போடவைத்தேன். இறந்துபோன கணவரின் கணக்கை மூட வேண்டிய ஒரு பாட்டி, மரணச் சான்றிதழ் எண்ணை அழுதுகொண்டே தப்புத் தப்பாகப் படிக்கிறார். "மெதுவாகப் படியுங்கள் அம்மா, காத்திருக்கிறேன்" என்கிறான் இவன். அந்த இடத்தில் உற்சாகமாகப் பேசினால் அடிக்க வரமாட்டார்களா? மேலாளர் பாதியில் நிறுத்திவிட்டு, "மதிப்பெண்ணை நான் போடவில்லையே" என்றார். எச்சரிக்கைக் கடிதத்தில் மட்டும் அவர் கையெழுத்து!

பீனிக்ஸ்காரி:
மனிதர்கள் மட்டும் நியாயவான்களா அண்ணா? எங்கள் கிடங்கில் ஷிப்ட் போட்டவர் தன் மைத்துனனுக்குப் பகல், எங்களுக்கு இரவு என்றே வைத்திருந்தார். மென்பொருள் வந்த பிறகுதான் தைப்பூசக் காவடிக்கு எனக்கு விடுப்புக் கிடைத்தது. கணினிக்கு மைத்துனன் கிடையாது.

மாரிட்ஸ்பர்க் மாமா:
அம்மணி சொல்வது ஷிப்ட், அவர் சொல்வது ஒருவனின் பிழைப்பு. இரண்டையும் குழப்ப வேண்டாம்.

தம்பி, உடனே எழுத்தில் கேளுங்கள். நம் தென்னாப்பிரிக்காவின் 2013ஆம் ஆண்டுத் தனிநபர் தகவல் பாதுகாப்புச் சட்டம், அதுதான் போப்பியா, 71ஆம் பிரிவைப் பாருங்கள். ஒருவரின் வேலைத்திறனைக் கணினி மட்டுமே கணித்து, அவரைப் பெரிதாகப் பாதிக்கும் முடிவை எடுக்கக்கூடாது. விதிவிலக்குகள் உண்டு. "மேலாளர் கையெழுத்திட்டாரே, இது மனித முடிவு" என்பார்கள். எதைப் பார்த்துக் கையெழுத்திட்டார் என்று திருப்பிக் கேளுங்கள். எங்கள் ஊர் உயர் நீதிமன்றத்தில் 2025 ஜனவரியில் நடந்ததையும் சொல்லுங்கள்: ஒரு வழக்கறிஞர் தரப்பு காட்டிய 9 தீர்ப்புகளில் 7 எங்கு தேடியும் இல்லை, செயற்கை நுண்ணறிவின் கைவரிசை என்று சந்தேகம். பயிற்சி வழக்கறிஞர் தயாரித்தது என்ற சமாதானம் எடுபடவில்லை. "மதிப்பெண்ணை நான் போடவில்லையே" என்பதும் அதே மாதிரிச் சமாதானம்தான். அழைப்பின் ஒலிப்பதிவை அழிப்பதற்குள் நகல் வாங்கிவிடுங்கள். தேதி போட்டு வையுங்கள். மின்னஞ்சலிலும் அனுப்புங்கள்.

சாட்ஸ்வொர்த்வாசி:
நன்றி மாமா, அதெல்லாம் சங்கம் அனுப்பியாயிற்று. நான் கேட்க வந்தது வேறு. கையெழுத்துப் போடுமுன் பதிவைக் கேட்கிற மேலாளர் உங்கள் யார் அலுவலகத்திலாவது இருக்கிறாரா?