கடினமரத்தில் மேசை செய்வது காட்டுக்குச் செய்யும் துரோகமா?

உளிமுனை:
வணக்கம். வீட்டுக்கு ஆறு பேர் உட்காரும் அளவில் ஒரு மேசை நானே செய்யலாம் என்று இருக்கிறேன். மரவேலை பழகி மூன்று வருடம் ஆகிறது, இதுவரை செய்ததெல்லாம் பைனில்தான். இந்த மேசை என் மகள் காலம்வரை நிற்க வேண்டும் என்று ஆசை, அதனால் ஓக் பலகை பார்க்கப் போனேன். விற்பவர் "இது புதுப்பிக்கத்தக்க வளம், வெட்ட வெட்ட வளரும், கவலையே வேண்டாம்" என்றார். வீட்டுக்கு வந்து அக்காவிடம் சொன்னால், நூறு வருடம் வளர்ந்ததை வெட்டித்தானே உனக்குப் பலகை வருகிறது, அது எப்படிப் புதுப்பிக்கத்தக்கது ஆகும், பேசாமல் இரும்புக் கால் வைத்து லேமினேட் பலகை போட்டுக்கொள் என்கிறாள். எனக்குப் பதில் சொல்லத் தெரியவில்லை. இரண்டு நாளாக இதுதான் மண்டையைக் குடைகிறது. காட்டு வேலை தெரிந்தவர்கள் யாராவது சொல்லுங்கள்.

அடிக்கட்டை:
உங்கள் அக்கா கேட்டது நல்ல கேள்வி. விற்பவர் சொன்னதில் பாதிதான் உண்மை. நான் 18 வருடமாக அகன்ற இலைக் காடுகளில் எந்த மரத்தை வெட்டலாம் என்று குறிக்கும் வேலையில் இருக்கிறேன், அதனால் கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன்.

ஒற்றை மரத்தைப் பார்த்தால் நூறு வருடம் பெரிய காலம்தான். ஆனால் காட்டில் முழங்கால் உயரக் கன்றும் இருக்கும், இருபது வயது மரமும் இருக்கும், நூற்றைம்பது வயதுக் கிழமும் இருக்கும். அத்தனையும் வருடத்துக்கு ஒரு வளையம் பருக்கின்றன. மொத்தக் காடும் ஒரு வருடத்தில் எவ்வளவு கட்டை சேர்க்கிறதோ அதற்குள் வெட்டை நிறுத்திக்கொண்டால் காடு குறையாது. இது புதுக் கண்டுபிடிப்பும் இல்லை. சாக்சனியில் வெள்ளி உருக்கும் உலைகளுக்கு விறகு தட்டுப்பட ஆரம்பித்தபோது, கார்லோவிட்ஸ் என்ற சுரங்க அதிகாரி 1713-லேயே இதை எழுதிவைத்தார். அமெரிக்காவின் விஸ்கான்சினில் மெனாமினி பழங்குடியினரின் காட்டைப் பாருங்கள். 150 வருடத்துக்கு மேலாக வெட்டுகிறார்கள், இதுவரை வெட்டிய மொத்தம் 1854-ல் அங்கே நின்ற மொத்தத்தைவிட அதிகம், அப்படியிருந்தும் இன்று நிற்கிற கட்டை அன்றைவிடக் கூடுதல். மேப்பிளும் ஓக்கும் பைனும் கலந்த காடு அது.

எவ்வளவு வெட்டுகிறோம் என்பதைவிட எதை வெட்டுகிறோம் என்பதுதான் எனக்குப் பெரிய விஷயம். ஒரு மரத்தின் முன் நின்று மார்பளவு உயரத்தில் நாடா சுற்றி அளப்பேன், பட்டையில் காளான் இருக்கிறதா என்று சுற்றி வந்து பார்ப்பேன், அப்புறம் அண்ணாந்து உச்சிக் கிளை காய்ந்திருக்கிறதா என்று பார்ப்பேன். இரண்டு மரம் தலை முட்டி நின்றால் கோணலாக இருப்பதற்குத்தான் வெட்டலாம் என்று பெயின்ட் அடிப்பேன், நேராக ஓங்கி நிற்பதை விட்டுவிடுவேன். பார்க்கிறவர்களுக்கு இது விசித்திரமாக இருக்கும், காசு வரும் மரத்தை ஏன் விடுகிறாய் என்று கேட்பார்கள். நல்லதையெல்லாம் எடுத்துக்கொண்டு சொத்தையை விட்டால், அடுத்த தலைமுறைக்கு விதை போடுவது அந்தச் சொத்தைதான். விதைநெல்லைக் குத்தித் தின்பதும் அதுவும் ஒன்று. உலகத்தில் பல கடினமரக் காடுகள் இப்படித்தான் வெளியே பச்சையாகவும் உள்ளே ஓட்டாண்டியாகவும் ஆகியிருக்கின்றன.

இன்னொன்று, ஓக் கன்று அடர் நிழலில் சோர்ந்து போகும். பீச், மேப்பிள் எல்லாம் நிழல் தாங்கும், ஓக் தாங்காது. அதனால் தாய்மரங்களில் சிலவற்றை முதலில் எடுத்து வெளிச்சம் விடுவோம், மிச்சம் நிற்பவை விதை உதிர்த்துக் கன்று கிளம்பியதும் அவற்றையும் எடுப்போம். அந்தக் கட்டத்தில் வருகிறவர்கள் வெட்டவெளியைப் பார்த்துக் கொதித்துப் போவார்கள். குனிந்து பார்த்தால் காலடியில் கன்றுகள் நிற்கும்.

கழுந்து:
தச்சு வேலை பார்க்கிறேன். அடிக்கட்டை அண்ணன் காட்டுப் பக்கம் சொல்லிவிட்டார், நான் பட்டறைப் பக்கம் சொல்கிறேன்.

முதலில் பெயரைப் பற்றி ஒரு வார்த்தை. கடினமரம் என்றால் கடினமாக இருக்கும் என்று அர்த்தம் இல்லை, அகன்ற இலை மரங்களின் கட்டையைத்தான் வணிகத்தில் அப்படிச் சொல்கிறார்கள். விமான பொம்மை செய்கிற பால்சாகூட அந்தக் கணக்கில் கடினமரம்தான்.

ஓக் காய்ந்த பிறகு ஒரு கன மீட்டர் சுமார் 700 கிலோ இருக்கும். அதில் ஏறத்தாழ பாதி கார்பன், எல்லாம் காற்றிலிருந்து மரம் இழுத்தது. கரியமில வாயுவாகக் கணக்குப் போட்டால் 1,280 கிலோவுக்குப் பக்கத்தில் வரும். மேசை மேசையாக நிற்கும்வரை அது காற்றுக்குத் திரும்பாது. இரும்பு அப்படி இல்லை, அதை உருக்கும்போதே புகை போய்விடுகிறது. ஆனால் இந்தக் கணக்கு நீங்கள் எப்படிச் செய்கிறீர்கள் என்பதைப் பொறுத்தது. போன மாதம் ஒரு பழைய மேசையைச் சரிபண்ணக் கொண்டுவந்தார்கள், வயது எண்பதுக்கு மேல். ஒரு ஆணி இல்லை, கழுந்தும் துளையும் மரமுளையும்தான். முளையைத் தட்டி எடுத்ததும் முழுவதும் பிரிந்து வந்தது. மேலே கறுத்திருந்த பலகையில் இழைப்புளியை ஒரு தடவை ஓட்டினேன், வைரம் பாய்ந்த கட்டை, உள்ளே நேற்று அறுத்தது மாதிரி நிறம், வாசனைகூட லேசாக வந்தது. அதே வாரம் வந்த எம்டிஎஃப் (மரத்தூளைப் பசை போட்டு அழுத்திய பலகை) அலமாரி ஒன்று, வாங்கி ஆறு வருடம்தான், தண்ணீர் பட்டு அடிப்பக்கம் ரொட்டி மாதிரி ஊதியிருந்தது. அதை என்னால் ஒன்றும் செய்ய முடியவில்லை. நூறு வருடம் வளர்ந்த கட்டையில் பத்து வருடப் பொருள் செய்தால் உங்கள் அக்கா சொல்வது சரி. நூறு வருடம் உழைக்கிற மாதிரி செய்தால், அது தேய்வதற்குள் அதன் இடத்தில் இன்னொரு மரம் வளர்ந்திருக்கும்.

ஈரக்காடு:
இவ்வளவு நம்பிக்கையாகப் பேசுவதைப் படிக்க எனக்கு மனசு ஒப்பவில்லை, மன்னிக்கவும். நன்றாக நடத்தப்படும் காடு நீங்கள் சொல்கிற மாதிரிதான், சந்தேகம் இல்லை. ஆனால் வெப்பமண்டலத்திலிருந்து வரும் கட்டையில் எது அப்படிப்பட்ட காட்டிலிருந்து வந்தது என்று வாங்குபவருக்கு எப்படித் தெரியும்? பிரேசில் ரோஸ்வுட் 1992-லேயே, அழியும் உயிரினங்களின் பன்னாட்டு வணிகத்தைக் கட்டுப்படுத்தும் சைட்டிஸ் உடன்படிக்கையின் மிகக் கடுமையான முதல் பட்டியலுக்குப் போய்விட்டது. அப்புறம் மற்ற ரோஸ்வுட் இனங்களின் மேல் கை வைத்தார்கள், கடைசியில் 2017-ல் ரோஸ்வுட்கள் அடங்கிய டால்பெர்ஜியா பேரினம் முழுவதையும் கட்டுப்பாட்டுக்குள் கொண்டுவர வேண்டியதாயிற்று. ஒன்று தீர்ந்ததும் அதே நிறத்தில் அடுத்ததைத் தேடிப் போனதால் வந்த வினை. நானும் ஒழுங்காக நடத்தும் காட்டிலிருந்து வந்தது என்ற சான்று முத்திரை பார்த்துத்தான் தரைப்பலகை வாங்கினேன். பிறகு ரசீதில் இருந்த சான்று எண்ணைத் தேடிப் பார்த்தால் அப்படி ஒரு எண்ணே இல்லை. பணம் போனதைவிட அந்தப் பலகை மேல் தினமும் நடக்க வேண்டியிருப்பதுதான் வலிக்கிறது. அதோடு, ஒரே இனத்தை வரிசையாக நட்டு வைத்துக் காடு என்று சொல்வதையும் என்னால் ஏற்க முடியாது.

அடிக்கட்டை:
ஈரக்காடு சொல்வதில் மறுக்க எதுவும் இல்லை. தோட்டம் வேறு, காடு வேறு. தோட்டத்து மரத்தால் இயற்கைக் காட்டின் மேல் விழும் சுமை குறையும், ஆனால் காட்டை அழித்துவிட்டுத் தோட்டம் போட்டால் அந்த நியாயமும் போய்விடும்.

ஒன்றை மட்டும் யோசியுங்கள். உலகில் காடு அழிவதற்கு முதல் காரணம் விவசாயத்துக்கும் மேய்ச்சலுக்கும் நிலம் திருத்துவது. நிற்கிற மரத்தால் வருமானம் இல்லை என்றால் நிலத்துக்காரருக்கு அதைக் காடாக வைத்திருக்க என்ன காரணம் இருக்கிறது? ஒழுங்காக வளர்த்த கட்டைக்கு ஒருவர் நல்ல விலை கொடுத்தால்தான் அந்தக் காடு அப்படியே நிற்கும். பொறுப்பாக நடத்தப்படும் காடுகளுக்குச் சான்று தரும் எஃப்.எஸ்.சி அமைப்பு 1993-ல் தொடங்கியது, அதன் சான்று எண்ணை யார் வேண்டுமானாலும் இணையத்தில் சரிபார்க்கலாம். பணம் கொடுப்பதற்கு முன்னால் பாருங்கள். எண் தரத் தயங்குகிறவரிடம் வாங்காதீர்கள்.

பொறுமைக்கு ஒரு கதை. சுவீடனில் கடற்படைக் கப்பல்களுக்காக விசிங்சோ தீவில் 1830-களில் ஓக் நட்டார்கள். 1975-ல் மரம் தயார் என்று கடற்படைக்குத் தகவல் போனது. அதற்குள் கப்பலெல்லாம் இரும்பாகி வெகுகாலம் ஆகிவிட்டது. ஆனாலும் தங்கள் பேரப்பிள்ளைகளுக்கும் அப்பால் இருக்கிறவர்களுக்காக நட்டவர்களை நினைத்தால் எனக்கு மரியாதைதான் வருகிறது.

உளிமுனை:
எல்லோருக்கும் நன்றி. அக்காவையும் உட்கார வைத்துப் படித்துக் காட்டினேன், எண்ணைச் சரிபார்த்துவிட்டு வாங்கு என்றாள். இன்று போய்ப் பார்த்தேன், எண் சரியாக இருந்தது, வாங்கிவிட்டேன். ஒரு பலகையின் முனையை ஈரத்துணியால் துடைத்து வளையம் எண்ணினேன், 15 சென்டிமீட்டரில் 62. ஓரிடத்தில் ஏழெட்டு வளையம் முடி மாதிரி நெருங்கியிருக்கிறது, அதற்கு அடுத்தது மட்டும் திடீரென்று அகலம், அதிலிருந்து எல்லாமே அகலம்தான். மரத்தில் குறையா?

கழுந்து:
குறை இல்லை. பலகையை உடனே இழைக்காமல், இடையில் குச்சி வைத்து அடுக்கி, மேசை நிற்கப்போகும் அறையிலேயே சில வாரம் போட்டுவையுங்கள். வளையம் பற்றி அண்ணன்தான் சொல்ல வேண்டும்.

அடிக்கட்டை:
வறட்சி என்றால் பெரும்பாலும் ஓரிரு வருடத்தில் தேறிவிடும். ஏழெட்டு வருடம் ஒடுங்கிக் கிடந்துவிட்டு ஒரே வருடத்தில் விரிந்து, அப்படியே தொடர்ந்தால், அதன் தலையை முட்டிக்கொண்டு நின்ற பக்கத்து மரம் அந்த வருடம் எடுக்கப்பட்டிருக்கும். என்னை மாதிரி ஒருவர் அங்கே அண்ணாந்து பார்த்துவிட்டு, இதை விட்டு, பக்கத்தில் இருந்ததற்குப் பெயின்ட் அடித்திருக்கிறார். முடிந்தால் அந்த முனை வெளியே தெரிகிற மாதிரி மேசையில் வையுங்கள்.