பழைய டாஸ் கணினியிலிருந்து மடிக்கணினிக்கு: சீரியல் கேபிளில் கோப்பு போகவில்லை

கிராணி மகள், சுங்கை சிப்புட்:
வணக்கம். எங்கள் தோட்டத்து மரண சகாய நிதியின் கணக்கு முழுவதும் ஒரு பழைய 486 கணினியில் இருக்கிறது. இயங்குதளம் எம்எஸ்-டாஸ் 6.22, கணக்கு டிபேஸ் என்ற தரவுத்தள நிரலின் கோப்புகளில். ரப்பரை அழித்துச் செம்பனை நட்டபோது லயத்தில் (தோட்டக் குடியிருப்பு வரிசையில்) இருந்தவர்கள் ஈப்போ, கிள்ளான் என்று பிரிந்து போனார்கள். யார் எந்த ஆண்டு வரை சந்தா கட்டினார் என்பதற்கு வேறு சான்று கிடையாது. ஒரு கிழவிக்குச் சேர வேண்டிய பணம் கோப்பு தொலைந்ததால் கிடைக்காமல் போவதை என்னால் ஏற்க முடியாது.

பிளாப்பி டிரைவ் வேலை செய்யவில்லை, யுஎஸ்பி கிடையாது. பெட்டியைத் திறக்கக் கூடாது என்று நிர்வாகக் குழு சொல்லிவிட்டது. மிச்சம் 9 ஊசி சீரியல் போர்ட் மட்டும்தான். இரு முனையும் துளை உள்ள கேபிளும் யுஎஸ்பி-சீரியல் அடாப்டரும் வாங்கினேன். மோடு கட்டளையில் வேகத்தை 9600 என்று வைத்து, காப்பி /பி என்று கோப்பைக் காம்1-க்கு (அந்த சீரியல் போர்ட்டுக்கு) அனுப்பினால், சற்று நின்று 'ரைட் ஃபால்ட் எரர்' (எழுதுவதில் பிழை) என்கிறது. மடிக்கணினியில், சீரியல் வழி வருவதைப் பெறும் டெரா டெர்ம் நிரல் திறந்தே இருக்கிறது. ஓர் எழுத்தும் வரவில்லை. போர்ட் பழுதாகிவிட்டதா?

கூலிம்காரர்:
டாஸிலேயே இரண்டு கணினிகளைக் கேபிளால் இணைக்கும் இன்டர்லிங்க் இருக்கிறதே, அதைப் பயன்படுத்திப் பாருங்களேன் சகோதரி.

பழுது பார்ப்பவர், தைப்பிங்:
இன்டர்லிங்க் வேண்டுமானால் மறுமுனையிலும் டாஸ் ஓட வேண்டும், தம்பி. இவருடைய மடிக்கணினியில் அது நடக்காது.

அம்மா, போர்ட்டைக் குறை சொல்லும் முன் கேபிளைச் சோதியுங்கள். மல்டிமீட்டரை ஒலி வரும் நிலையில் வைத்து, ஒரு முனையின் 2-ஆம் துளையையும் மறுமுனையின் 2-ஆம் துளையையும் தொடுங்கள். ஒலித்தால் அது நேர் கேபிள். மோடத்துக்கு அது சரி. இரண்டு கணினிகளுக்கு உதவாது. கணினி 3-இல் பேசி 2-இல் கேட்கும். நேர் கேபிளில் இருவர் வாயும் ஒரே குழாயில், இருவர் காதும் இன்னொன்றில்.

உங்களுக்குத் தேவை 'நல் மோடம்' (null modem) கேபிள், அதாவது இரண்டு கணினிகளை நேரடியாக இணைக்கும் கேபிள். 2-உம் 3-உம் ஒன்றுக்கொன்று மாறி இருக்க வேண்டும், 5 நேராக 5-க்கு. பலர் இந்த மூன்று கம்பியோடு நிறுத்திவிடுகிறார்கள். உங்களுக்கு அது போதாது. டாஸின் காப்பி கட்டளை பயாஸ் (கணினியில் பதிந்துள்ள அடிப்படை நிரல்) வழியாக அனுப்புகிறது. எதிர்ப்புறம் தயார் என்ற குறி 6-ஆம் ஊசியிலும், அனுப்பலாம் என்ற குறி 8-ஆம் ஊசியிலும் வரும்வரை அது காத்திருக்கும். வராவிட்டால் நீங்கள் பார்த்த அதே பிழைதான். ஆகவே 7 மறுமுனையின் 8-க்கும், 4 மறுமுனையின் 6-க்கும் 1-க்கும் போக வேண்டும், இரு பக்கமும் அப்படியே. சில மலிவான நல் மோடம் அடாப்டர்களில் இவை இருக்காது. வாங்கும்போதே மீட்டரில் பாருங்கள்.

டெரா டெர்மில் 9600, 8 பிட், பாரிட்டி இல்லை, 1 ஸ்டாப் பிட். பதிவு செய்யும் இடத்தில் பைனரி என்பதைத் தேர்ந்தெடுத்துப் பதிவைத் தொடங்கிய பிறகே டாஸில் கட்டளை கொடுங்கள். நொடிக்கு 960 பைட் போகும். 600 கிலோபைட் கோப்புக்குப் பத்து நிமிடத்துக்கு மேல் ஆகும். அவசரப்பட்டு நிறுத்தாதீர்கள்.

கிராணி மகள்:
ஐயா, 2-க்கு 2 ஒலித்தது! சொன்னபடி கம்பிகள் மாறியுள்ள அடாப்டரைத் தேடி வாங்கிப் பொருத்தினேன். உறுப்பினர் கோப்பு வந்துவிட்டது. டாஸில் கோப்புகளைப் பட்டியலிடும் டிர் கட்டளை காட்டும் பைட் அளவும் மடிக்கணினியில் உள்ள அளவும் ஒன்றே. லிப்ரே ஆபிஸ் கால்க்கில் திறந்தால் பெயர்கள் வரிசையாக நிற்கின்றன. நாளை சந்தாக் கோப்புகளை அனுப்பப் போகிறேன்.

பழுது பார்ப்பவர், தைப்பிங்:
மகிழ்ச்சி அம்மா. ஒவ்வொரு கோப்பையும் இரண்டு முறை அனுப்பி, எஃப்சி /பி கட்டளையால் இரு பிரதிகளையும் ஒப்பிடுங்கள். அளவு ஒன்றாக இருந்தாலும் நடுவில் ஒரு பைட் பிசகியிருக்கலாம். பணக் கணக்கில் அதற்கு இடம் கொடுக்கக் கூடாது.